நான்கு பக்கக் காலை உணவு

ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் இருக்கும் பர்பேங்கில் முதலில் தேதி குறிப்பார்கள், அப்புறம்தான் கதையைத் தேடுவார்கள். ‘ஹால்யார்ட்’ வரிசையின் எட்டாவது படம் இரண்டு வருடம் கழித்து, மே மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை வெளியாகும் என்று ரசிகர் மாநாட்டு மேடையில் அறிவித்து, ஆறாயிரம் பேர் எழுந்து கத்தி ஓய்ந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் நான்கு பேர் திரைக்கதை எழுதி, நான்கு பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள் டாலின் டெர்சியன், அதாவது நான். க்ளெண்டேலிலிருந்து பதினைந்து நிமிடத்தில் வந்து சேர்ந்துவிடுவேன். அதுவும் ஒரு தகுதிதான்.

முன்கதை, அதாவது முதல் படத்துக்கும் முன்னால் நடந்ததை எழுதுவதென்பது, சாவு விழப்போகிற வீட்டுக்கு முந்தின நாளே போய் உட்கார்ந்து காபி குடிப்பது மாதிரி. யார் போகப்போகிறார்கள் என்று எனக்கும் தெரியும், டிக்கெட் வாங்கி வருகிறவனுக்கும் தெரியும். தெரியாதவர்கள் கதைக்குள் இருக்கிறவர்கள் மட்டும்தான். இந்த வேலையை ஆசைப்பட்டு ஒப்புக்கொள்கிறவர்களை எனக்குப் புரிவதில்லை. நான் வேறு வேலை கிடைக்காமல் ஒப்புக்கொண்டேன்.

ஹால்யார்ட் ஒரு விண்கலம். நாற்பத்தாறு வருடத்துக்கு முன் வந்த முதல் படத்தில், ஏன் பூமிக்குத் திரும்ப மாட்டேன் என்கிறீர்கள் என்று கேப்டன் லோமாக்ஸிடம் ஒரு சிப்பந்தி கேட்பான். “எனக்கும் ஒரு மகள் இருந்தாள்” என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். ஏழு படங்களில் அந்த மகளைப் பற்றி வேறு பேச்சே கிடையாது. ஆனால் அந்த ஒரு வரியைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள், கையில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். ஒருவர் தன் கல்யாணத்தில் அதைச் சொன்னாராம். எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

எட்டாவது படம் அந்த மகளின் கதை. பெயர் லிஸ்ஸா, வயது ஆறு. கலத்தில் தீப்பிடித்து, கடைசியில் செத்துப்போவாள்.

அந்த வரியை எழுதியவர் வெண்டல் கிராண்ட்ஸ். இப்போது எண்பத்து நான்கு வயது. ரசிகர்கள் முறைத்துக்கொண்டால் முன்னால் நிறுத்த ஒரு முகம் வேண்டும் என்பதற்காக அவரைக் கதை ஆலோசகராகப் போட்டிருந்தார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நான்கு பக்கத்தில் ஒரு காட்சியை அவரே எழுதித் தருவார், அது படத்தில் இருக்க வேண்டும்.

சன்லேண்டில் இருக்கும் அவர் வீட்டில்தான் அந்தப் பக்கங்களை முதலில் படித்தேன். தீப்பிடிக்கும் நாளின் காலை. கேப்டன் மகளுக்கு முட்டை பொரித்துத் தருகிறார். ஓரம் முறுகிவிட்டது என்று அவள் தட்டைத் தள்ளுகிறாள். அவர் ஓரத்தை வெட்டித் தானே தின்கிறார். பணிக்கு நேரமாகிறது, எழுகிறார். இன்றைக்குப் போக வேண்டாம் என்கிறாள். அவர் மறுபடி உட்கார்ந்துவிடுகிறார். வேறொன்றும் நடப்பதில்லை. இருபது வருடமாக எழுதுகிறேன், அப்படி நான்கு பக்கம் எனக்கு வந்ததில்லை.

“எனக்கு ஜூடித்னு ஒரு பொண்ணு இருந்தாம்மா,” என்றார் வெண்டல். “ஆறு வயசு. காய்ச்சல்ல போயிட்டா. இப்ப என் இதயம் பாதிதான் ஓடுதுன்னு டாக்டர் சொல்றான். இந்த சீனை முதல்ல எடுக்கச் சொல்லு. யாரோ ஒரு குழந்தை அங்க உட்கார்ந்து அவ மாதிரி தட்டைத் தள்ளுறதை ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்.”

“நான் பார்த்துக்கறேன் வெண்டல். ஒரு வரிகூடப் போகாது,” என்றேன். எந்த தைரியத்தில் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம். ஆளுக்கொரு கிண்ணத்தில் இலைதழை. தயாரிப்பு நிர்வாகி கோர்பின் ஹாஸ்கெல் முப்பத்து மூன்று வயதுக்காரன், வாயில் கீரையோடு பேசுவான்.

“அந்த சீன் ரொம்ப அழகு டாலின். எங்க அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், அழுதுட்டாங்க. தூக்கிடலாம்.”

“ஏன்?”

“நாலு பக்கம் முட்டை திங்கிறாங்க. அவ போகாதேங்கிறா, இவரு உட்கார்ந்துடுறாரு. ஹீரோ உட்கார்ந்தா படமும் கூடவே உட்கார்ந்துடும். இந்தச் சாப்பாட்டை எடுத்துட்டா கதையில என்ன கெட்டுப்போகுது, சொல்லு.”

ஒன்றும் கெட்டுப்போகாது. அதுதான் அந்தக் காட்சியின் அழகு, அதை அவனிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. அறையில் யாரும் பேசவில்லை. எங்கள் தொழிலில் அமைதியைத் தாங்க யாருக்கும் தெம்பில்லை. அதற்காகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். “இது மட்டமான வெர்ஷன்தான்” என்று முன்னால் ஒரு வார்த்தை போட்டுக்கொண்டால் எந்த அசட்டு யோசனையையும் மேஜையில் வைக்கலாம், யாரும் அதை உன் தலையில் கட்ட மாட்டார்கள். இன்னொருவர் அதைவிட நல்லதாகச் சொல்லும்வரை அது சும்மா இடம் பிடித்து வைத்திருக்கும். காட்சியைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்பில் நான் வாயைத் திறந்தேன்.

“இது மட்டமான வெர்ஷன்தான். அந்தப் பொண்ணு சாகவே இல்லைன்னு வெச்சுக்குங்க. அப்ப இந்தச் சாப்பாட்டைத் தூக்க முடியாதில்ல? ரெண்டு பேரும் உயிரோட பிரியறதுக்கு முன்னாடி கடைசியாப் பார்த்துக்கிட்டது அங்கதானே.”

கோர்பின் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“செத்துட்டான்னு அவரு நம்புறாரு,” என்றான் மெதுவாக. “ஆனா அவ எங்கயோ வளர்றா. ஏழு படமா வளர்ந்துக்கிட்டே இருக்கா. ஒன்பதாவது படத்துல வர்றா. அப்பனைத் தீர்த்துக்கட்ட.”

“கோர்பின், நான் சும்மா சொன்னேன்.”

“சும்மா சொல்றதுதான் எப்பவும் ஓடுது.”

“செத்துப்போன பொண்ணுக்காக வெண்டல் எழுதின சீன் அது.”

“அதான் அந்தப் பொண்ணுக்கு உயிர் குடுத்துட்டமே. இதைவிட அவருக்கு என்ன வேணும்? சீனும் இருக்கு. நீ ஒரு விஷயம் மட்டும் கண்டுபிடி. அவளுக்கு அப்பா மேல ஏன் அவ்வளவு கோவம்? திங்கட்கிழமை குடு.”

நான் முடியாது என்று எழுந்து போயிருக்கலாம். ஆறாவது ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். அவன் முட்டையையும் சேர்த்துத் தூக்கியிருப்பான். இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருக்கிறவள்தான் எதையாவது காப்பாற்ற முடியும் என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவோம்.

கோபத்துக்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது நிமிடத்தில் கிடைத்தது. இன்றைக்குப் போக வேண்டாம் என்கிறாள், அவர் போய்விடுகிறார். அந்த ஒரு அசைவைத்தான் மாற்றினேன். பிறகு தீப்பிடிக்கிறது. கீழ்த்தளத்திலிருந்து அவள் மூன்று முறை அப்பாவைக் கூப்பிடுகிறாள். கட்டுப்பாட்டு அறையில் இருக்கிற அவர், செய்தி கொண்டுவரும் சிப்பந்தியிடம், “கையில இருக்கிறதை முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லு” என்கிறார். வருவதில்லை. அவளை வேறு யாரோ தூக்கிப்போகிறார்கள். கோர்பினுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நன்றாகத்தான் வந்திருந்தது, அதுதான் கேவலம்.

வெண்டலிடம் போய்ச் சொல்ல யாரும் முன்வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நானே போனேன். வழியெல்லாம் பழியை ஸ்டுடியோ மேல் போடுவதற்கு வசனம் பேசிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவரே கதவைத் திறந்தார். சமையலறை மேஜையில் உட்கார வைத்து, எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, முன்னால் கதைச் சுருக்கமும் பின்னால் காட்சிகளுமாக இருந்த பக்கங்களை வாங்கிக்கொண்டார்.

“இவ சாகலையா?” என்றார் மூன்றாவது பக்கத்தில்.

“இல்ல.”

“அப்ப எங்க இருந்தா இத்தனை வருஷம்?”

கதையின் ஓட்டையைத் துருவுகிற எழுத்தாளராகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “ஒரு சரக்குக் கப்பல்ல. ஒரு பொம்பளை எடுத்து வளர்த்தா.”

“நல்லா வளர்த்தாளா?”

“ம். பசியில்லாம.”

“உயரமா ஆயிட்டாளா?”

அந்த வேடத்துக்கு அவர்கள் பார்த்துவைத்திருந்த நடிகையை நினைத்துக்கொண்டேன். “அஞ்சடி ஒன்பது அங்குலம்.”

“ஜூடித்தும் உயரம்தான் வயசுக்கு,” என்றார். அங்கேயே அந்தப் பக்கங்களைப் பிடுங்கிக் கிழித்திருக்க வேண்டும். நான் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் காலைச் சாப்பாட்டுக் காட்சிக்கு வந்தார். “இங்க எழுந்து போயிடுறாரே.”

“ஆமா.”

பக்கத்தைப் புரட்டினார். தீப்பிடிக்கும் காட்சியைப் படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை.

“இதை யார் சொன்னா உனக்கு?”

“எதை?”

“முடிச்சுட்டு வர்றேன்னு சொன்னதை. ஐலீன் சொன்னாளா?”

ஐலீன் அவருடைய முதல் மனைவி. ஆரிகனில் எங்கோ இருக்கிறாள் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. “யாரும் சொல்லல வெண்டல். கதைக்காக நான் எழுதினது.”

“ஐலீன் அப்படிச் சொல்ற ஆள் இல்லையே,” என்றார் தனக்குத்தானே. “முதல் படத்தோட ரெண்டாவது பாதி. ஸ்டுடியோவுல உட்கார்ந்து திருத்திக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலேருந்து மூணு ஃபோன். ஜூடித் அப்பாவைக் கேக்கறா, உடனே வாங்கன்னு. முன்னறையில ஃபோன் எடுக்கிற பொண்ணு ஒவ்வொரு தடவையும் வந்து சொன்னா. முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லுன்னேன். சாதாரணக் காய்ச்சல்னு நெனைச்சேன். நாலு பக்கம்தான் பாக்கி.”

“நான் மாத்திடறேன். இன்னைக்கே மாத்திடறேன்.”

“மாத்தி?”

கேப்டனை உட்கார வைத்தால் காட்சி போய்விடும், எழுப்பிவிட்டால் இதுதான். இரண்டுக்கும் நடுவில் என்னிடம் எதுவுமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சிருங்க என்றேன். அவர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்துக்கு இரண்டே வரியில் ஒரு முன்னோட்டம் போட்டிருந்தேன்.

“இவ அவரைத் தேடி வர்றாளா?”

“வர்றா.”

“கொல்றதுக்கா?”

“ஆமா.”

“எந்தப் படத்துல?”

“ஒன்பதாவதுல.”

“அது எப்ப?”

“இது வந்து இன்னும் மூணு வருஷம் ஆகும் வெண்டல். மொத்தம் அஞ்சு வருஷம்.”

அவர் பக்கங்களை அடுக்கி, ஓரத்தை மேஜையில் தட்டிச் சரிபண்ணி, என் பக்கம் தள்ளினார்.

“அதுவரைக்கும் நான் இருக்க மாட்டேனேம்மா,” என்றார். “கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லேன்.”