பச்சைச் சட்டை

அன்று தூறல் இருந்ததா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஓடுதளம் ஈரமாக இருந்ததாகத்தான் ஞாபகம். பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்துக்கு முன்னால் பல நாட்டு வீரர்களோடு ஒரு நீண்ட பெஞ்சில் தறிக்காரன் காத்திருந்தான் என்பது மட்டும் நிச்சயம். மற்றவர்கள் கால்களை உதறிக்கொண்டிருந்தார்கள். அவனோ, பெயர் வாசிப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். தறிக்கூடத்து இரைச்சல் அவன் காதுகளை முக்கால்வாசி தின்றிருந்தது.

அவன் தறி ஓட்டும் மில்லில் யாரும் வாயால் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. சாப்பிடப் போகலாம், மேஸ்திரி வருகிறார், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறார், எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. சேர்த்த இரண்டு விரல்களை வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்தது, தறியை நிறுத்து என்று பொருள்.

இந்த ஓட்டத்துக்கு லீவு கேட்டபோது மேலாளர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: பதக்கத்தோடு வந்தால் தறி உனக்கு, இல்லாவிட்டால் அதில் வேறு ஆள் நிற்பான். பக்கத்துத் தறியில் நிற்கும் அவன் மனைவியின் அண்ணன் லீவே கேட்காமல் கிளம்பி வந்துவிட்டார். தேர்வுப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கான மணி காதில் விழாமல் இவன் தாமதமாக வேகமெடுத்ததைப் பார்த்தவர் அவர்.

"மணிய மறந்துரு மாப்ளே. கடைசி வளைவுல நிக்கிறேன். என் கையப் பாரு, போதும்."

"அத்தன கூட்டத்துல உங்கள எங்க மச்சான் தேடுறது?"

"உன் கல்யாணத்துக்கு எடுத்துக் குடுத்தியே, அந்தச் சட்டை. அந்தப் பச்சைய இன்னொருத்தன் போடமாட்டான்."

சுற்றுக்குச் சுற்று வேலியோரம் பச்சை தெரிந்தது. ஓடியவர்களின் கூட்டம் மெல்ல உதிர்ந்து, முன்னால் சிவப்புப் பனியன்காரன் ஒருவன் மட்டும் மிஞ்சினான். மச்சானின் முஷ்டி உயர்ந்தது. கடைசிச் சுற்று. தறிக்காரன் அவனை ஒட்டியே ஓடினான். மறுபடி அதே வளைவுக்கு வந்தபோது மச்சானின் இரண்டு விரல்கள் வெடுக்கென்று பிரிந்தன.

உடம்பு கீழ்ப்படிந்துவிட்டது. கால் தளர்ந்தது, வலது கை இடுப்பருகே இல்லாத தறிப்பிடியைத் தேடியது. பின்னால் வந்த ஒருவன் அவனைத் தாண்டிப் போனான்.

மச்சான் வேலிக்கு மேல் பாதி தொங்கியபடி சிவப்புப் பனியனைச் சுட்டிக் காட்டினார். கேட்கவில்லை, உதடுகளைப் படித்தான். "அறுந்தது அவனுக்கு மாப்ளே!"

அப்போதுதான் பார்த்தான். சிவப்புப் பனியனின் தோள் ஒரு பக்கம் கோணியிருந்தது, குதிகால் இழுபட்டது. தறிக்காரன் எழும்பினான். தாண்டிப் போனவனைத் தாண்டினான். கோட்டுக்குச் சற்று முன்னால் சிவப்பையும் தாண்டி, நெஞ்சைக் கொடுத்தான்.

அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. ஆயிரமாயிரம் வாய்கள் திறந்திருந்தன. அவன் வேலியோரம் வந்து பச்சைச் சட்டையைக் கட்டிக்கொண்டான்.

"கைதட்டுற சத்தம் பலமா மச்சான்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் பார்க்கும்படி வாயசைத்தார். "காது கிழியுது மாப்ளே."

மில் வாசலில் தங்கப் பதக்கத்தோடு அவன் படம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்றுதான் மேலாளர் பேட்டி கொடுத்தார். தறிக்காரன் அதே தறிக்குத் திரும்பினான். மிச்சமிருந்த காதும் போய்விட்டது. மனைவி சைகை கற்றுக்கொண்டாள்; இப்போது திட்டுவதும் கையால்தான். சொல்லாமல் வேலைக்கு வராததற்காக மச்சானை நிறுத்திவிட்டார்கள். அவர் இடத்தில் நிற்கும் புது ஆளுக்குச் சைகை எதுவும் தெரியாது. நூல் அறுந்தால், தறிக்காரனைப் பார்த்து வாய்விட்டுக் கத்துகிறான்.