கண்ணில்லாத மூன்று மீன்காரிகள்

செவந்தியின் மாமனார் கப்பலில் சோறு பொங்கிய காலத்தில், டிரினிடாட் துறைமுகத்தில் ஓர் ஓவியனுக்கு மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்து வாங்கிவந்த அச்சுப்படம் அது. கட்டம் கட்டமாக உடைந்த மூன்று கறுத்த பெண்கள், மீன்கூடையோடு காலை அகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கும் கண் கிடையாது.

அவர் செத்து வருடம் திரும்பிய அறுபத்திரண்டில், கந்தர்வக்கோட்டை வீட்டில் பாகப்பிரிவினை வந்தது. வழக்கப்படி மூத்தவன் பக்கத்தார் சாமான்களை இரண்டு கூறாக வைப்பார்கள். இளையவன் பெண்டாட்டி ஒன்றைத் தொட்டு எடுக்க வேண்டும். தொட்டால் தொட்டதுதான்.

இளையவள் செவந்திக்கு அந்தப் படம் வேண்டும். அது தெரிந்தால் மூத்தவள் பிரகதாம்பாள், வீட்டிலுள்ள ஓட்டை உடைசலையெல்லாம் அதோடு சேர்த்துத் தள்ளிவிடுவாள்.

மதிப்புப் போட, புதுக்கோட்டையில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் ஆண்டியப்பன் வந்தார்.

"இதுல எத்தனை சாமி?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் பிரகதாம்பாள்.

"மூணு சாமி சேந்திருந்தா ஒரு வெலை. சரிகை ஒட்டியிருந்தா அது தனி. இதுல சாமியும் இல்ல, சரிகையும் இல்ல, மூஞ்சியே பாதிதான் இருக்கு. சட்டம் மட்டும் தேக்கு ஆத்தா. மத்தது வெறுங்காயிதம்."

செவந்திக்கு உள்ளே குளிர்ந்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"கருமம் புடிச்ச படம்! இவளுக மூஞ்சியில முழிச்சா வெளங்குமா? அடுப்புல போடுங்க."

பிரகதாம்பாள் சிரித்தாள். "ஏண்டி, பின்ன எதுக்குத் தெனம் முந்தானையால தொடைக்கிறே? பக்கத்துல முருகனுக்கு ஒட்டடை தொங்குது."

அந்த ஆசையை ஒளித்துவிட்டதாகத்தான் இத்தனை வருடமும் செவந்தி நினைத்திருந்தாள். இந்த வீட்டில் அவள் குனிந்தாலும், நிமிர்ந்தாலும், இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாலும் பார்க்க ஒரு கண் இருந்தது. அவளைப் பார்க்காமல் அவளோடு உட்கார்ந்திருந்தவர்கள் அந்த மூன்று பேர்தான்.

கூறு வைத்தார்கள். ஒரு பக்கம் பெரிய செம்பு அண்டாவும் குத்துவிளக்கும். மறுபக்கம் படமும் நசுங்கிய சொம்பும் கால் போன முக்காலியும்.

"அண்டா, அண்டா" என்று புருஷன் முத்துராமன் பல்லைக் கடித்தான்.

அண்டாவை எடுத்தால் ஊர் மெச்சும். ஆனால் ஆயுசுக்கும் அதைத் தேய்க்கப்போவது யார்? செவந்தி நடந்துபோய்ப் படத்தின் சட்டத்தைத் தொட்டாள். முத்துராமன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பிரகதாம்பாளுக்கு அண்டா கிடைத்த சந்தோஷம் முகத்தில் நிற்கவில்லை. கைக்கு வந்த அண்டாவை விட்டுவிட்டு ஒருத்தி இதை எடுக்கிறாள் என்றால்? படத்தைத் தூக்கினாள். திருப்பிப் பின்பலகையைத் தட்டிப் பார்த்தாள்.

"ஆண்டியப்பண்ணே, இன்னொருக்கா நல்லாப் பாருங்க. எங்கிட்டாச்சும் ஒரு சாமி ஒளிஞ்சிருக்கப் போவுது."

"தொட்டாச்சுக்கா" என்று செவந்தி கையை நீட்டினாள். "குடுங்க."