ஆறாவது பாட்டின் கடைசியில்

ஹெட்போனுக்குள் அப்பாவின் காது இரண்டும் காணாமல் போயிருக்கின்றன, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தலையை ஆட்டுகிறார், பஜனையில் தாளம் போடுவதுபோல விரல் நாற்காலிக் கையில் தட்டுகிறது, உள்ளே நான் அவரை வெறுக்கிறேன் வெறுக்கிறேன் என்று இங்கிலீஷில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன், அதைப் பாடியபோது எனக்கு இருபத்திரண்டு வயது, ஒண்டிப்புதூர் வெயிலில் கம்பளித் தொப்பியும் முழங்காலுக்குக் கீழே தொங்கும் தொளதொளக் கால்சட்டையும், வேர்க்குரு வேறு, நாங்கள் ஐந்து பேர், பாட்டுக் குழுவின் பெயர் ஆஷ் வின்டர், கோயமுத்தூரில் எவன் பனியைக் கண்டான்.

எல்லாம் அமெரிக்காக்காரன் சரக்கு, கிடார் கம்பியைத் தளர்த்தி உறுமவிட்டது, பாதி பேசிப் பாதி கத்துவது, இசைத்தட்டைக் கீறுகிற சத்தமும் வேண்டுமென்று என் பெரியப்பாவின் பழைய தட்டு ஒன்றைப் பாழாக்கினான் பெனடிக்ட், அவன்தான் கிடார், பாட்டெழுத உட்கார்ந்தபோதும் அவன்தான் சொன்னான், இந்த மாதிரி ஆல்பம்னா அப்பனைத் திட்டி ஒரு பாட்டாவது இருக்கோணும்டா, அவனுக்கு அப்பா இல்லை, மற்ற மூவர் வீட்டிலும் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள், என் அப்பாவுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாது, சரி நான் எழுதறேன் என்றேன், படுபாவி, ஒரு நாளும் என்மேல் கை வைத்ததில்லை அந்த மனுஷன், பம்ப் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வரும்போது தேன்மிட்டாய் வாங்கி வருவார், அவரைப் போய் பெல்ட்டால் அடித்தவர், பனியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவர் என்று எழுதினேன், பதிவு செய்ததும் எங்கள் வீட்டு முன்னறையில்தான், ஃபேனை நிறுத்திவிட்டு, சுவரெல்லாம் மெத்தை கட்டி, அந்த மெத்தைகளை வீடுவீடாகக் கேட்டுத் தோளில் சுமந்து வந்ததும் அவர்தான்.

ஆல்பம் வந்தது, பெங்களூர்ப் பத்திரிகை ஒன்று நாலே வரி எழுதியது, இதில் ஒரு சத்தம்கூட இவர்களுடையது இல்லை என்று, அதோடு ஆளுக்கொரு திசை, பெனடிக்ட் துபாய்க்குப் போனான், நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன், அப்பா மட்டும் விடவில்லை, ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் ஹெட்போனை மாட்டிக்கொள்வார், அதுவும் அந்த ஆறாவது பாட்டையேதான், ஏங்கண்ணு, இது என்ன பாட்டு என்று ஒருமுறை கேட்டார், சாமி பாட்டுங்கப்பா என்றேன், அதான் இப்படி உருகிப் பாடியிருக்கறே என்றார், சொல்லிவிட வேண்டும் சொல்லிவிட வேண்டும் என்று பதினேழு வருஷம், ஞாயிறுதோறும் நாக்கு நுனிவரை வரும், ரசத்தோடு விழுங்கிவிடுவேன், போன மாசியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்று ஞாயிறு, சாப்பிட்டியா என்று கேட்க ஆளில்லை, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், சிடி உறைக்குள்ளிருந்து பாட்டு வரிகள் அச்சிட்ட தாளைப் பிரிக்கிறேன், ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கு மேலும் பென்சிலில் அவருடைய கோணல் எழுத்து, வெறுப்பு, பெல்ட், கதவு, பனி, என் பள்ளிக்கூட அகராதியை அவர் ஏன் எடுத்து வைத்துக்கொண்டார் என்று இப்போதுதான் புரிகிறது, ஃபாதர் என்ற சொல்லுக்கு மேலே எதுவும் எழுதவில்லை, அடிக்கோடு மட்டும், ஐயோ, எல்லாம் தெரிந்தேவா இத்தனை ஞாயிறும் தலையாட்டினீர்கள், பாட்டுக்குக் கீழே, ஓரத்தில், நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி என்று குறித்து வட்டம் போட்டிருக்கிறார், பாட்டை அவ்வளவு தூரம் நான் ஒருநாளும் கேட்டதில்லை, என் கத்தல் முடிந்ததும் நிறுத்திவிடுவேன்.

ஹெட்போனை மாட்டுகிறேன், கத்துகிறேன், அடங்குகிறேன், கிடார் தேய்ந்து ஓய்கிறது, யாரும் வெட்டி எறிய நினைக்காத அந்த வாலில் ஒரு கதவு கிறீச்சிடுகிறது, டம்ளர் வைக்கும் சத்தம், பெனடிக்ட் சிரிக்கிறான், அப்பா குரல், ஏங்கண்ணு, இப்படிக் கத்துனா தொண்டை என்னத்துக்கு ஆகும், இந்தா சுடுதண்ணி, குடிச்சுட்டு அப்புறம் கத்து, அவ்வளவுதான், பத்திரிகைக்காரன் கேட்காமல் விட்ட எங்கள் சத்தம், மறுபடி ஓட்டுகிறேன், மறுபடியும், என் காது இரண்டும் காணாமல் போயிருக்கின்றன, விரல் நாற்காலிக் கையில் தட்டுகிறது, குடிக்கறேங்கப்பா என்று சத்தமாகச் சொல்கிறேன்.