பேட்டன் இல்லை

படம் அச்சடிக்கும் உலோக பிளாக்கில் எல்லாம் இடம்வலம் மாறித்தான் இருக்கும். அதனால் ராஜவேலு முதலில் எதையும் கவனிக்கவில்லை. புரூஃப் எடுத்துக் காகிதத்தை உரித்தபோதுதான் படம் நேராகத் தெரிந்தது.

1965 செப்டம்பர். சின்ன காஞ்சிபுரத்தில் முனிரத்தினம் நடத்திய அச்சகத்தில் அவன் பதினோரு வருஷமாக அச்சுக் கோத்துவந்தான். மறுநாள் யுத்த நிதிக் கூட்டம். ஆயிரம் நோட்டீஸை அன்றே நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். சென்னைப் பத்திரிகை ஒன்றிலிருந்து வந்த பிளாக்கில் கருகிப்போன ஒரு டாங்கி. அதன் கீழே ‘நம் ஜவான்கள் நொறுக்கிய எதிரியின் பேட்டன்’ என்ற வரியைக் காலையில் அவனே கோத்திருந்தான்.

பாகிஸ்தான்காரர்களின் பேட்டன் டாங்கியைப் பத்திரிகைகளில் தினமும் பார்க்கிறானே. ஆமை ஓடு மாதிரி தலை, தனித்தனியாக ஆறு சக்கரம். இது நெட்டையான வண்டி. சக்கரங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று ஜோடி. தம்பி காசிநாதன் ராணுவத்தில் ஓட்டுவது இந்த மாதிரி வண்டியைத்தான். பஞ்சாபிலிருந்து அவன் கடிதம் வந்து இருபது நாளாகிவிட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு முசரவாக்கத்தில் இருந்த வீட்டுக்குப் போனான். வண்டிக்கு முன்னால் நின்று தம்பி எடுத்து அனுப்பிய போட்டோ வீட்டுச் சுவரில் இருந்தது. அதைக் கழற்றியபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவி லில்லி முறத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னா மாமா, எதுக்கு அத எடுக்கிறீங்க?”

கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினான்.

அச்சகத்தில் இரண்டு படங்களையும் சேர்த்து வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தான். சந்தேகமே இல்லை, ஒரே வகை வண்டி. பத்திரிகைக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா, கூட்டத்துக்காரர்கள் வருகிற நேரம், மிஷினை ஓட்டு என்றார் முனிரத்தினம். ராஜவேலு மிஷின் பக்கம் போகவில்லை.

“இது எதிரி வண்டின்னா, என் தம்பி எந்தப் பக்கம் ஓட்டிக்கினு இருக்கிறான், முதலாளி?”

முனிரத்தினம் இரண்டு படங்களையும் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு அவரே அவனை பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். பட்டாளத்தில் டாங்கிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்த அர்ஜுனன் இப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம் இருந்தது. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு படங்களையும் வாங்கிப் பார்த்தார்.

“பேட்டன் இல்லப்பா, ஷெர்மன். நம்மகிட்டயும் இருக்குது, அவங்ககிட்டயும் இருக்குது. இப்படிக் கரியாப் போனத வெச்சி யாருதுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

விசில் ஊதியாயிற்று. படங்களைத் திருப்பித் தரும்போது தம்பியின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டார்.

நோட்டீஸ் படமில்லாமல் போயிற்று. பிளாக் கீழே விழுந்து கெட்டுவிட்டதாகச் சொல்லி, கூட்டத்துக்காரர்களிடம் முனிரத்தினம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் லில்லி போட்டோவை வாங்கிக் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாள். பழைய கண்ணாடிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிடுங்க மாமா.”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. அடுத்த எட்டு நாளும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு ரோட்டுக்கே போய் நின்றாள்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. உறையின் மேலே வேறு யாருடைய கையெழுத்தோ. லில்லி பிரிக்காமல் ராஜவேலுவிடம் நீட்டினாள். குண்டு விழுந்து வண்டி எரிந்துவிட்டது, நானும் பீரங்கிக்காரனும் வெளியே குதித்தோம், மற்ற மூன்று பேர் வரவில்லை, கை இரண்டிலும் கட்டுப் போட்டிருப்பதால் நண்பனைக் கொண்டு எழுதுகிறேன் என்று காசிநாதன் சொல்லியிருந்தான். ராஜவேலு படித்து முடிப்பதற்குள் லில்லி துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இருவரும் மூன்று நாள் ரயிலில் போய் ராணுவ ஆஸ்பத்திரியைச் சேர்ந்தார்கள். லில்லி காசிநாதனுக்குச் சோறு ஊட்டினாள். நோட்டீஸ் படத்தைப் பற்றிப் பேச வாயெடுத்த ராஜவேலு, தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். செத்துப்போன மூவரில் ஒருவன் வேலூர்ப் பையன். அவன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றான் காசிநாதன். ராஜவேலு பேனாவை எடுத்தான். காசிநாதன் சொல்ல ஆரம்பித்து, இரண்டு வரிக்கு மேல் முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மீதியை ராஜவேலுவே எழுதினான்.