பழையது கேட்டவள்

அந்த வருஷம் பிரிக்பீல்ட்ஸில் மழை ஏமாற்றிவிட்டது. செங்கல் சூளைப் பக்கமிருந்து வந்த காற்று சூளைக்குள்ளேயே பிறந்தது போல் சுட்டது. ரயில்வே கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் தகரக் கூரை பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் அதை வீட்டுக்குள் இறக்கும்.

அந்த நேரத்தில்தான் சீதாலெட்சுமிக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

வெறும் பானையின் அடியில் செம்பு உரசுகிற சத்தம். மிச்சம் மீதி ஒரு வாய் தண்ணீராவது தேறுமா என்று யாரோ வழித்துப் பார்ப்பதுபோல் இருக்கும். அவள் எழுந்துபோய்ப் பார்ப்பாள். மூலையில் மண்பானை கழுத்து வரை நிறைந்திருக்கும். செம்பு அதன்மேல் கவிழ்த்தபடியே இருக்கும்.

"எலியா இருக்கும்" என்பான் அவள் கணவன் ரெங்கசாமி. தண்டவாளத்தில் கட்டை மாற்றிவிட்டு வந்த உடம்பு, அவனுக்கு உட்கார்ந்தால் போதும். தங்களுக்குக் கொடுத்த கடைசி வீடு மட்டும் ஏன் சில மாதமாகப் பூட்டிக் கிடந்தது என்பதை அவனும் கேட்கவில்லை, லயத்துக் கணக்கு பார்க்கும் கிராணியும் சொல்லவில்லை. கிள்ளான் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து இறங்கிய மறுநாளே பக்கத்து வீட்டு வீரம்மாதான் சொன்னாள். முன்பு இங்கே குடியிருந்த நாகையாவின் பெண்டாட்டி இராஜம்மா இந்த வீட்டில்தான் பிள்ளை வலியில் போய்ச் சேர்ந்தாள், பிள்ளையும் தங்கவில்லை என்று.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சீதாவுக்கு அப்போது ஆறாம் மாதம். தோட்டத்தில் முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள்.

வீரம்மா கெட்டவள் இல்லை. லயத்தில் பிறந்த குழந்தைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. பேறு பார்க்கக் காசு வாங்கமாட்டாள், வெற்றிலை மட்டும் வாங்கிக்கொள்வாள். ஆனால் அவள் சட்டம் பெரிய சட்டம். பிள்ளைத்தாய்ச்சி குளிர்ச்சியாக எதையும் தொடக்கூடாது. தண்ணீர் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும். சாயங்காலம் சுடுசோறு, மிளகு ரசம், சுட்ட கருவாடு. எல்லாம் ஆவி பறக்கச் சமைத்துத் தானே கொண்டுவந்து எதிரே உட்கார்ந்துகொள்வாள்.

"சாப்பிடு தாயி. ஊதாதே, சூட்டோட உள்ளே போகணும்."

"இந்த வெயில்ல எப்படிக்கா இறங்கும்?"

"வெயில் வெளியேதானே அடிக்குது? உன் வயித்துக்குள்ளயா அடிக்குது?"

சீதா விழுங்குவாள். வீரம்மா படியிறங்கியதும் பின்பக்கம் ஓடி அத்தனையும் வாந்தி எடுப்பாள். மூன்று வாரமாக இதே கதை. கன்னம் ஒட்டிவிட்டது. குழாயடியில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். வயிற்றுக்குள் அசைவு குறைந்துகொண்டு வருவது அவளுக்குத் தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்லப் பயந்தாள். பானையை வழிக்கும் அந்தச் செம்பு தன் பிள்ளையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு, பத்துமலைக் கோயில் இருக்கும் திசை பார்த்து மனதுக்குள் கும்பிடுவாள்.

ரெங்கசாமியின் சாப்பாட்டுக்குச் சிரமமே இல்லை. விடியற்காலையில் வடித்த சோற்றை ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி சுற்றிய சட்டியில் மூடி வைத்துவிடுவாள். பொழுது சாயும்போது அது இலேசாகப் புளித்திருக்கும். மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயமும் சீனன் தோட்டத்து வெள்ளரிக்காயும் நறுக்கி வைத்தால் முடிந்தது. அடுப்பு மூட்டவேண்டியதில்லை. அவன் மடமடவென்று குடிப்பதைப் பார்க்கும்போது அவளுக்கு நாக்கில் நீர் ஊறும். கேட்கமாட்டாள். வீரம்மா சொன்னால் சொன்னதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நாகையா வந்தான். ஒல்லியான மனிதன். கையில் வாழை இலை, தூக்குச்சட்டி, துண்டில் சுற்றிய ஒரு சேலை. வாசலுக்கு வெளியே நின்றபடி பேசினான்.

"இன்னிக்கு அவ திதி, தங்கச்சி. உயிர் போன இடத்திலே படைக்கணும்னு நினைப்பு. உள்ளே விடுவீங்களா? முன்னே இருந்தவங்க விடல. போன வருஷம் படியிலேயே வச்சுட்டுப் போனேன்."

ரெங்கசாமி வேலையில் இருந்தான். ஆனாலும், செத்துப்போன பெண்டாட்டிக்குச் சோறு கொண்டு வந்தவனை வாசலில் நிறுத்தச் சீதாவுக்கு மனம் வரவில்லை.

"வாங்கண்ணே" என்று விலகி நின்றாள்.

பேச்சுக் குரல் கேட்டு வீரம்மாவும் வந்து நிலைப்படியோரம் நின்றாள். நாகையா சேலையைப் பிரித்துச் சுவரோரம் வைத்துவிட்டு இலை போட்டான். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, வடை, பாயசம். எல்லாவற்றிலும் ஆவி பறந்தது. சூடம் காட்டிவிட்டு, ஒரு பிடி எடுத்துப் பின்பக்க வேலிக் கட்டையில் வைத்தான். காகங்கள் வந்தன. சுற்றிச் சுற்றிப் பார்த்தன. ஒன்றும் வாய் வைக்கவில்லை.

"எந்த வருஷமும் தொடறதில்ல. கறி எடுத்தேன். போன தடவை கோழி. இன்னும் என்ன செய்யணும்னு தெரியல."

அப்போது மூலையில் செம்பு உரசியது. பட்டப்பகலில். நாகையா திரும்பிப் பார்த்தான். வீரம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாளும் தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று சீதா நினைத்திருந்தாள்.

அவளுக்குப் பயத்தைவிட வேறொன்று முந்திக்கொண்டு வந்தது. "கடைசியா அக்கா என்ன கேட்டாங்கண்ணே?" என்றாள்.

நாகையா இலையோரத்தில் உட்கார்ந்தான்.

"பழையது கேட்டா. இதே மாதிரி வெயிலு. ராத்திரி பகலா வலி. ஒரு வாய் நீத்தண்ணி குடுங்க, நெஞ்சு காயுதுன்னா. குடுத்தா ஜன்னி வந்துடும்னு..." அவன் வீரம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "குடுக்கல."

"அதைப் படைக்கலையா?"

"பழையதையா? மிஞ்சின சோத்தைப் போய்ச் செத்தவளுக்கு வைப்பாங்களா, தங்கச்சி? ஊர் என்ன பேசும்?"

வீரம்மா நிலைப்படியை விட்டு உள்ளே வந்தாள். "என் ஆத்தா சொல்லிக் குடுத்தது. நல்லதுன்னுதான் செஞ்சேன். யாராவது தண்ணி குடிக்கறப்பெல்லாம் அவ காஞ்ச உதடுதான் தெரியுது எனக்கு."

அவளைக் குத்திக்காட்ட அந்த ஒரு நிமிஷம் போதும். சீதா அதைச் செய்யாமல் அடுப்படிக்குப் போனாள். கணவனுக்கு வைத்திருந்த சட்டியைத் திறந்து, சோற்றைக் கையால் பிசைந்து, மோர் விட்டு, வெங்காயம் நறுக்கிப் போட்டு, வெண்கலக் கிண்ணம் நிறைய எடுத்து வந்தாள். அதை நாகையாவிடம் கொடுக்கவில்லை.

"நீங்க வைங்கக்கா" என்று வீரம்மாவிடம் நீட்டினாள்.

வீரம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். இலையில் வைக்கும்போது கண்ணீரும் கலந்துதான் விழுந்திருக்கும். "குடி தாயி" என்றாள், அவ்வளவுதான். பிறகு ஒரு பிடி கொண்டுபோய் வேலிக் கட்டையில் வைத்தாள். கையை எடுக்கும் முன்னே ஒரு காகம் இறங்கியது. அப்புறம் இன்னொன்று. கறிச்சோறு அப்படியே கிடந்தது.

நாகையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

வீரம்மா திரும்பி வந்து சட்டியில் மிச்சமிருந்ததைக் கலக்கினாள். சீதாவின் முன்னால் உட்கார்ந்து, கிண்ணத்தை அவள் உதட்டருகில் கொண்டுபோனாள்.

"ஜன்னி வந்துடுமாக்கா?"

"தெரியல, தாயி. ஆனா தாகத்தோட ஒருத்தியை அனுப்பிட்டேன். இன்னொருத்தியை அனுப்ப மாட்டேன்."

சீதா குடித்தாள். குளிர்ந்த புளிப்பு தொண்டையில் இறங்கி, நெஞ்சைக் கடந்து, அங்கேயே தங்கியது. பின்பக்கம் ஓடவேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் ஒரு உதை. அவள் வீரம்மாவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

அன்று ரெங்கசாமிக்குக் கறிச்சோறு கிடைத்தது. "பழையது எங்கே?" என்று முனகிக்கொண்டே சாப்பிட்டான்.

அதன் பிறகு அந்த வெயில் தீரும்வரை கடைசி வீட்டில் சாயங்காலம் அடுப்பு எரியவில்லை. வீரம்மா வெள்ளரிக்காயோ மோர் மிளகாயோ கொண்டு வருவாள், மூன்று பேரும் சேர்ந்து உட்காருவார்கள். நான்காவதாக ஒரு கிண்ணம் மூலையில் பானையருகே இருக்கும். விடிந்தால் அது காய்ந்திருக்கும். வெக்கை குடித்ததா என்று யாரும் ஆராயவில்லை. கொடுத்ததைக் கடவுள் யார் வாயில் சேர்க்கிறார் என்பது நம் கணக்கில் இல்லை.

சத்தம் நின்றுவிடவும் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் மூலையில் செம்பு இன்னும் அசைகிறது. ஆனால் இப்போதெல்லாம் அது உரசுவதில்லை. நிறைந்த பானைக்குள் மெல்ல அமிழ்ந்து, தண்ணீர் மொண்டுகொண்டு மேலே வருகிற சத்தம். சீதா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, அது குடித்து முடிக்கும்வரை காத்திருப்பாள். பிறகுதான் தன் கிண்ணத்தை எடுப்பாள்.