லாரி டியூபில் மொட்டைக் குளியல்

மொட்டை அடித்த பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு வாளித் தண்ணீர் போதும். தாய்மாமன் குமரகுருவுக்கு அது போதாது. நாலு லாரி வைத்திருக்கிறவர், தங்கை மகனின் காதுகுத்தைச் சாதாரணமாகச் செய்துவிடுவாரா? புதுச்சத்திரம் பக்கத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு பண்ணை வீட்டையே வாடகைக்குப் பிடித்துவிட்டார். மூன்று வயது யோகேஷை வாளிப் பக்கம் தூக்கிக்கொண்டு போன தங்கை நர்மதாவின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார்.

“இத்தாப் பெரிய குளத்த வெச்சுக்கிட்டு சொம்புல மொண்டு ஊத்துவியா அம்மிணி? இதுலயே குளிக்கட்டும்.”

காற்றடித்த லாரி டியூபின் நடுவில் பிள்ளையை இறக்கி, இரண்டு கைகளையும் எடுத்து மேலே போட்டுவிட்டார். சுற்றிலும் பெரிய பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர்களுக்கு அந்த டியூப் மேல் அப்படியொரு நம்பிக்கை. கிணற்றில் அவர்கள் நீச்சல் பழகியதே அதில்தான். அத்தனை டன் பாரம் தாங்குகிற டயருக்குள் இருப்பது ஒரு பொடியனைத் தாங்காதா என்பது அவர்கள் கணக்கு. நடுவில் இருக்கிற ஓட்டை யார் கணக்கிலும் வரவில்லை.

“யாருங்ண்ணா பாத்துக்கறது?” என்றாள் நர்மதா.

“இத்தன பேரு இருக்கறம். மொதல்ல சீர வாங்க வா. போட்டோக்காரரு நிக்கறாரு.”

அண்ணன் சீரை வாங்கத் தங்கை நிற்காவிட்டால் ஊர் பேசும். போனாள். தட்டை வாங்கியவள், போட்டோக்காரர் பார்க்கச் சொன்ன பக்கம் பார்க்காமல் குளத்தைப் பார்த்தாள். டியூப் மிதந்தது. மொட்டைத் தலையைக் காணோம்.

கூச்சல் இல்லை, கைகால் உதறல் இல்லை. கூடக் குளித்த பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, கரையில் நாற்காலி போட்டு நியாயம் பேசிக்கொண்டிருந்த பெரியவர்களுக்கும் தெரியவில்லை. தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி, பட்டுப்புடவையோடு குதித்தாள். நல்லவேளை, மார்பளவுத் தண்ணீர்தான். தூக்கியபோது பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. கரையில் கிடத்தியதும் இருமினான், தண்ணீராகக் கக்கினான், அப்புறம் அழுதான்.

அவன் அழுததும் கூட்டத்துக்கு நிம்மதியாகிவிட்டது. மாமியார் சாரதாமணி உப்பும் மிளகாயும் கொண்டுவரச் சொன்னார்.

“ஊர்க்கண்ணு பட்டுருச்சு. சுத்திப் போட்டுட்டு மாமன் மடியில உக்கார வைங்க. நல்ல நேரம் முடியப் போவுது.”

நர்மதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஊர் என்னங்கத்தை பண்ணுச்சு? இங்க உக்காந்திருந்தவங்கள்ல ஒருத்தராச்சும் எம்பையனத் திரும்பிப் பாத்தீங்களா?”

பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை. மூச்சு இழுத்தது. காரை எடுக்கச் சொன்னாள். கணவன் செந்தமிழன் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தான்.

“காதக் குத்திட்டே போயிரலாமே.”

“எடுக்கறீங்களா, இல்ல நான் ரோட்டுல நின்னு லாரிய மறிக்கட்டுமா?”

எடுத்தான். நாமக்கல் ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலில் தண்ணீர் போயிருக்கிறது, அழுதுவிட்டானே என்று அங்கேயே வைத்திருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். நல்ல நேரம் பார்த்த அத்தனை பேரையும் அந்தக் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தவேண்டும் போல நர்மதாவுக்கு ஆத்திரம் வந்தது.

அப்போது குமரகுருவின் போன் வந்தது. “பையன் தேவலையா அம்மிணி? சாயங்காலம் இன்னொரு நல்ல நேரம் இருக்குதாம். கொண்டாந்தர்றயா?”

அவர் குரலுக்குப் பின்னால் பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம் கேட்டது.

“இன்னுமா தண்ணியில உட்டிருக்கீங்க?”

“சொன்னாக் கேட்டு ஏற மாட்டேங்குதுக.”

“எல்லாத்தையும் மேல ஏத்தி எண்ணுங்ண்ணா. நான் போன வெக்க மாட்டேன்.”

அவர் அதட்டுவதும், பிள்ளைகள் முனகிக்கொண்டே ஏறுவதும், ஒவ்வொருத்தராக எண்ணுவதும் கேட்டது.

“பதினொண்ணு இருக்குது” என்றார்.

“எத்தன இருக்கோணும்?”

“அது தெரியலையே அம்மிணி.”