படகுக்கு ஒருவருக்காவது நீந்தத் தெரிய வேண்டும்

"சபர்கலி அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அன்று காலை குலாந்தா இப்படி ஆரம்பித்தது மூன்றாவது முறை.

"சொல்லு, சொல்லு. அதுக்கு முன்னாடி அந்தப் பிண்ணாக்கை இப்படித் தள்ளு."

தள்ளினாள். அவர் படகில் உட்கார்ந்தபடியே ஒரு துண்டைத் தூண்டில் முள்ளில் கோத்து, நாணல் புதருக்கு அந்தப் பக்கம் குறிபார்த்து வீசினார். வீசிய கையோடு மருமகள் வாங்கிய சலவை இயந்திரத்தின் கதையை ஆரம்பித்தார். அது துணியைத் துவைக்கிறதோ இல்லையோ, துவைக்கும்போது அறையை விட்டு நடந்து வெளியே வருகிறதாம். குலாந்தா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். மனம் சிரிப்பில் இல்லை.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று மீட்புப் படைக்காரர்கள் அவர்களுடைய மீன்பிடிச் சங்கத்துக்கு வருகிறார்கள். "நீந்தத் தெரியும்" என்று சேரும்போது படிவத்தில் எழுதிய உறுப்பினர்கள் எல்லாரும் படகுத்துறையிலிருந்து சிவப்பு மிதவை வரை நீந்திக் காட்ட வேண்டும் என்று சங்கக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அந்தப் பட்டியலில் ஏழாவது பெயர் அவளுடையது. அவளுக்கோ நீந்தத் தெரியாது. அவள் வளர்ந்த புல்வெளியில் கிணறு இருந்தது, குதிரைகள் குடிக்கிற தொட்டி இருந்தது, அவ்வளவுதான். இந்த அணைநீரைப் பார்த்ததே கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு.

நாலு வருஷத்துக்கு முன்னால், ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், மீன்பிடிச் சங்கத்தில் சேரப் போனாள். செயலாளர் ஓராஸ்பேக் படிவத்தை நீட்டினான். சுவரில் பதினாலு விதிகள் தொங்கின. நான்காவது விதி, ஒவ்வொரு படகிலும் ஒருவருக்காவது நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. அறை முழுக்க ஆண்கள். "இல்லை" என்று எழுதினால் இவர்களில் எவர் என்னைப் படகில் ஏற்றிக்கொள்ளப் போகிறார், காலமெல்லாம் கரையில்தான் என்று தோன்றியது. "ஆம்" என்பதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டாள். பேனாவைக் கீழே வைக்கும் முன்பே ஓராஸ்பேக் சந்தோஷமாகச் சொன்னான், "நல்லவேளை அக்கா! சபர்கலி அண்ணனுக்கு நீச்சல் தெரியாது, துணையில்லாம உக்காந்திருக்காரு. நீங்க அவர் படகுல போங்க."

துறைமுகத்தில் முப்பது வருஷம் பளுதூக்கி இயந்திரம் ஓட்டிய சபர்கலிக்கு அறுபத்தெட்டு வயது. நல்ல கனமான உடம்பு. துறையில் ஓராஸ்பேக் பார்க்கும்வரை லைஃப் ஜாக்கெட்டை மாட்டியிருப்பார். நாணல் வளைவு தாண்டியதும் கழற்றி, மடித்து, அதன் மேலே உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் குலாந்தா தன்னுடையதைக் கழற்றாமல் இருந்ததைப் பார்த்து, "ஏம்மா, நீச்சல்காரிக்கு எதுக்கு அது? மீனெல்லாம் பாத்துச் சிரிக்கப் போகுது" என்றார். வெட்கப்பட்டு அவளும் கழற்றினாள். நாலு வருஷமாக இருவரும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எனக்கென்ன பயம், நீ இருக்கியே" என்பார் அவர், அலை கொஞ்சம் எழும்பினாலே. அந்தச் சொல்தான் அவளைத் தின்றது. இந்த மனிதர் தண்ணீரில் விழுந்தால் என் முகத்தைத்தான் பார்ப்பார். பார்த்துக்கொண்டே முழுகுவார்.

"அண்ணே, கொஞ்சம் என் முகத்தைப் பாத்து உக்காருங்க," என்றாள் இப்போது. "அந்தப் படிவத்துல நான்..."

தூண்டில்கோல் வளைந்தது.

"வந்துட்டான்!" சபர்கலி துள்ளி எழுந்தார்.

"எழுந்திரிக்காதீங்க! படகுல எழுந்திரிக்கக் கூடாது!"

"சாசான் கெண்டைம்மா! பன்னி கணக்கா இழுக்குறான், கைவலையை எடு!"

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் மறுபக்கம் காலை மாற்றி வைத்தார். அங்கே பிண்ணாக்கு டப்பா இருந்தது. மறுநொடி படகில் சபர்கலி இல்லை. நீர் எழும்பிக் குலாந்தாவின் மடியில் கொட்டியது.

"அண்ணே!"

தான் உட்கார்ந்திருந்த ஜாக்கெட்டை உருவி எறிந்தாள். அது தப்பான திசையில் விழுந்தது. துடுப்பை நீட்டினாள். "பிடிங்க! இதைப் பிடிங்க! எனக்கு நீந்தத் தெரியாது அண்ணே! நான் பொய் எழுதிட்டேன்! தெரியாது!"

தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு வழுக்கைத் தலை மேலே வந்தது. ஒரு முறை துப்பியது. படகைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், விலகி ஓடுகிற கோலைத் துரத்திக்கொண்டு கிளம்பிவிட்டது. கைகள் மாறி மாறி விழுந்தன, கால்கள் சீராக உதைத்தன. முப்பது கெஜம் போய்க் கோலைப் பிடித்து, அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, மல்லாந்து கொஞ்சம் இளைப்பாறி, அவர் சாவகாசமாகத் திரும்பி வந்தார்.

குலாந்தா நீட்டிய துடுப்போடு அப்படியே நின்றாள்.

"ஏன் இப்படிக் கத்துற?" என்றார் அவர், படகின் பின்முனையைப் பிடித்தபடி. "மீனு அத்துக்கிட்டுப் போயிட்டான். உக்காரு முதல்ல, நீயும் நிக்கிற. எதிர்ப்பக்கம் உக்காரு, நான் பின்னால ஏறுறேன்."

ஏறினார். சொட்டச் சொட்ட உட்கார்ந்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிறகு கோபம் வந்தது.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"கடற்படையில மூணு வருஷம் இருந்தேனே."

"பின்ன ஏன் இல்லைன்னு எழுதினீங்க?"

சபர்கலி சட்டையைப் பிழிந்தார். நிறைய நேரம் பிழிந்தார். "நீச்சல் தெரிஞ்சவங்களை ஞாயித்துக்கிழமை மீட்புப் படகுல காவலுக்குப் போடுறாங்கம்மா. நகரத்துலேருந்து குளிக்க வர்றவனுங்களைப் பாத்துக்கிட்டு நாள் பூரா உக்காரணும். மீனு கடிக்கிறதே ஞாயித்துக்கிழமைதான்."

"என் பேரையும் போட்டாங்களே! முட்டிவலின்னு சொல்லி நாலு வருஷமா டிமிக்கி குடுத்துக்கிட்டிருக்கேன்!"

"அதானே, நீ நல்லாத்தானே நடக்கிறன்னு நெனைச்சேன்."

"நீங்க முழுகிடுவீங்கன்னு நான் ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழைச்சேன், தெரியுமா? காத்து அடிச்சா எனக்கு சோறு எறங்காது. இங்க பாத்தா திமிங்கலம் மாதிரி..."

"திமிங்கலமா?" அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவளும் சிரித்தாள். நெஞ்சில் நாலு வருஷமாக உட்கார்ந்திருந்த கல் எங்கே போனது என்றே தெரியவில்லை. மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

சிரிப்பை முதலில் நிறுத்தியது சபர்கலிதான்.

"குலாந்தா."

"என்ன?"

"நீ விழுந்திருந்தா?"

அவள் சிரிப்பை நிறுத்தித் தண்ணீரைப் பார்த்தாள்.

"நீ விழுந்திருந்தா நான் அசைஞ்சிருக்க மாட்டேன். நீச்சல்காரி, வரட்டும்னு ஒரு சிகரெட்டைப் பத்த வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். கேலி பண்ணிக்கிட்டு..." முகம் வெளுத்திருந்தது. அது குளிரால் இல்லை. மிதந்துகொண்டிருந்த ஜாக்கெட்டைத் துடுப்பால் இழுத்து எடுத்து, அவரே அவள் தோளில் மாட்டி வாரை இறுக்கினார். தன்னுடையதையும் போட்டுக்கொண்டார். வயிற்றின் மேல் கொக்கி எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து மாட்டினார். "ஓட்டு. ஓராஸ்பேக்கிட்ட போவோம்."

"பதிமூணாவது விதி என்ன தெரியுமில்ல? பொய்த் தகவல் குடுத்தா பேரை எடுத்துடுவாங்க."

"எடுத்தா எடுக்கட்டும். உசிரோட கரையில உக்காந்து பிடிக்கலாம்."

ஓராஸ்பேக் துறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் அவளையும், பிறகு ஈரமான அவரையும் பார்த்தான்.

"ஒவ்வொருத்தராச் சொல்லுங்க. அக்கா, உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது தம்பி."

"அண்ணனுக்குத் தெரியும்?"

"பிசாசு மாதிரி நீந்துறாரு."

அவன் நெற்றியைத் தேய்த்தான். "நாலு வருஷம் அந்தப் படகைப் பத்திக் கவலையே படாம இருந்தேனே நான்!" எழுந்து உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தான். இரண்டு கோடு அடித்தான், இரண்டு சொல் எழுதினான். "பேரை எடுக்கணும்னா ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் பாதிச் சங்கம் காலியாயிடும். நேத்துலேருந்து உங்களையும் சேத்து அஞ்சு பேரு வந்து ஒத்துக்கிட்டாங்க. ஆனா சும்மா விட மாட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரு மாசம் படகு கிடையாது. அண்ணனுக்கு இலையுதிர்காலம் முடியிற வரைக்கும் எல்லா ஞாயித்துக்கிழமையும் காவல்."

"எல்லா ஞாயிறுமா?"

"எல்லா ஞாயிறும்."

"சரி, போடு," என்றார் சபர்கலி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அக்காவுக்கு இனிமே 'இல்லை'. நீச்சல் தெரிஞ்சவங்க யாராவது ஒத்துக்கிட்டாத்தான் படகு." ஓராஸ்பேக் பேனாவைத் தூக்கிப் பிடித்தான். "யாரு பேரை எழுத?"

குலாந்தா தலையைக் குனிந்துகொண்டாள். நாலு வருஷத்துக்கு முன் எந்தக் கேள்விக்குப் பயந்து வட்டம் போட்டாளோ, அந்தக் கேள்வி.

"இதென்ன கேள்வி?" சபர்கலி எரிந்து விழுந்தார். "என் பேரை எழுது. துடுப்பு நல்லாப் போடுவா. சாசான் மட்டும் இன்னைக்கு அவ கத்துன கத்துல போச்சு."

"நீங்க எழுந்து நின்னீங்க, அதனால போச்சு!"

"ஆறாவது விதி," என்றான் ஓராஸ்பேக் எழுதிக்கொண்டே. "படகில் எழுந்து நிற்கக் கூடாது. அதுக்கு இன்னும் ஒரு ஞாயிறு சேத்து."

குலாந்தா வாரைத் தளர்த்தாமலே பெஞ்சில் உட்கார்ந்தாள். தட்டில் ஓராஸ்பேக்கின் மனைவி பொரித்துக் கொடுத்தனுப்பிய பவுர்சாக் மாவுருண்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எவ்வளவு பசி!

"அக்கா, எனக்கும் ரெண்டு வைங்க," என்றான் ஓராஸ்பேக்.